‘ரேண்டம்’ என்பதற்குத் தற்செயல் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

மருந்தாய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். பங்கேற்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் புதிய மருந்து, மற்றவர்களுக்கு வழக்கமான மருந்து. யாருக்கு எது என்பதைக் கணினி ரேண்டமாக முடிவு செய்யும். அகராதியைப் பார்த்து, “உங்களுக்குரிய மருந்து தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படும்” என்று எழுதினேன். படிவம் புரிகிறதா என்று பார்க்க ஒரு பெரியவரிடம் படிக்கக் கொடுத்தோம். அந்த வரியில் நின்றுவிட்டார். “தற்செயலாக என்றால், கைதவறியா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பாடநூலில் உள்ள ‘சமவாய்ப்பு’ பொருந்துமா? இன்னொன்று: நாம் தமிழாக்கும் பாட்டுச் செயலியில் ஷஃபிள் பொத்தானும் பெயரில்லாமல் கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிடலாமா?

———

> “தற்செயலாக என்றால், கைதவறியா?”

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாம் பத்து ஆண்டுகளாகக் கண்மூடிப் பயன்படுத்தும் சொல்லை ஒரே கேள்வியில் சாய்த்துவிட்டார்.

தற்செயல் என்பது நடந்து முடிந்த பிறகு சொல்லும் சொல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. விழுந்த பிறகுதான் அது தற்செயல். ‘நாளைக் காலை தற்செயலாகப் பனம்பழம் விழும்’ என்று யாரும் சொல்வதில்லை. மருந்தாய்வில் நடப்பது இதற்கு நேர் எதிர். யாருடைய விருப்பமும் புகுந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே வழி அடைத்து வைக்கிறார்கள். 1948இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காசநோயாளிகளில் யாருக்கு அந்த மருந்து என்பதை எண் பட்டியலைக் கொண்டு முடிவு செய்து, ஒட்டிய உறைகளில் போட்டு வைத்தார்கள். நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகே உறையைப் பிரிப்பார்கள். மருத்துவர் கையில் விட்டிருந்தால், தேறிவிடுவார் என்று தோன்றுகிறவரைத் தம்மையறியாமலே புதிய மருந்தின் பக்கம் தள்ளியிருப்பார். பிறகு குணமானது மருந்தாலா, ஆளைப் பார்த்து எடுத்ததாலா என்று யார் சொல்வது?

நமக்கு இது புதிதும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துச் சொல்கின்றன. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எழுத்தின் உருவம் அறியாத சிறுவன்! அந்த அறியாமைக்காகவே அவனைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஒட்டிய உறை செய்த வேலையைத்தான் அவன் செய்தான்.

‘சமவாய்ப்பு’ எனக்கு ஒப்பவில்லை. ஒரு பக்கம் கனமேறிய பகடையை உருட்டினாலும் விழுவது ரேண்டம்தான், வாய்ப்புதான் சமமில்லை. இரண்டு பேருக்குப் புதிய மருந்து, ஒருவருக்குப் பழையது என்ற கணக்கில் நடக்கும் ஆய்வுகளும் உண்டு. அந்தப் படிவத்தில் சமவாய்ப்பு என்று எழுதினால் அது பிழையான மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, பொய்யும் ஆகும்.

என் மனத்துக்குப் பிடித்த சொல் ‘குருட்டாம்போக்கு’. நேர்மையான சொல், ஊரறிந்த சொல். ஆனால் படிவத்தில் போட்டால் ஒருவரும் கையெழுத்திட மாட்டார்!

———

இலங்கையில் நாங்கள் பள்ளியிலேயே ‘எழுமாறு’ என்று படித்தவர்கள். எழுமாற்று மாதிரி, எழுமாற்று எண் என்று கூட்டுச் சொல்லாகவும் தடையில்லாமல் வரும். நான் அதை எழும் + ஆறு என்று பிரித்துப் பார்ப்பேன். எப்படி எழுகிறதோ அப்படி. ஆறு ‘ஆற்று’ ஆவதால் எழுமாற்று என்பதும் சரியாக வந்துவிடுகிறது. சமம் என்றும் சொல்லவில்லை, விபத்து என்றும் சொல்லவில்லை. நடந்ததற்கும் பொருந்தும், நடக்கப் போவதற்கும் பொருந்தும். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல் என்று எத்தனை காலம் வைத்துக்கொண்டிருப்பது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. எழுமாறு என்பது படித்து அறிந்த சொல். முதல்முறை பார்க்கிறவருக்கு அது தானாக விளங்காது. படிவத்தில் “எழுமாறாக, அதாவது சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல” என்று எழுதுங்கள். நான்கு சொல் கூடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

———

படிவத்துக்கு எழுமாறு, சரி. பொத்தானில் அதைப் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

பொத்தானை அழுத்துகிறவர் கேட்பது வேறு. பட்டியலில் பத்துப் பாட்டு இருக்கிறது. குடத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து, ஒலிக்கவிட்டு, மறுபடி குடத்திலேயே போட்டு அடுத்ததை எடுத்தால் அது எழுமாறு. அப்படிப் பத்து முறை எடுக்கும்போது பத்துப் பாட்டும் ஒருமுறை வந்திருக்க வாய்ப்பு ஏறத்தாழ 2,756இல் ஒன்று. சில பாட்டுகள் திரும்பத் திரும்ப வரும், சில வரவே வராது. யாருக்கு வேண்டும் அது? நமக்கு வேண்டியது எல்லாம் ஒருமுறை வரவேண்டும், வரிசை மட்டும் தெரியக் கூடாது என்பதுதான். சீட்டாடுகிறவர்கள் இதைக் ‘கலைத்தல்’ என்கிறார்கள். புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்சும் 1938இல் எழுதிவைத்த முறையின் வழி வந்ததைத்தான் பல நிரல்கள் இன்றும் இதற்குக் கையாளுகின்றன. பத்துப் பாட்டுக்கு 36,28,800 வரிசைகள். அவற்றில் ஒன்று வாய்க்கும்.

அதோடும் நிற்கவில்லை. நன்றாகக் கலைத்தாலே ஒரே பாடகரின் பாட்டு மூன்று அடுத்தடுத்து வரத்தான் செய்யும். கேட்பவர்கள் ‘இது சரியாகக் கலைக்கவில்லை’ என்று முறையிடுவார்கள். 2005இல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில், ஒரே பாடகரின் பாட்டுகள் ஒட்டி வருவதைக் கூட்டவோ குறைக்கவோ வழி செய்தது. எழுமாறாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக எழுமாற்றைக் குறைத்துக்கொண்டார்கள்! அந்தப் பொத்தானில் எழுமாறு என்று எழுதுவது எப்படி நியாயமாகும்?

‘குலுக்கு’ வேண்டாம், பரிசுச் சீட்டு நினைவு வரும், அதிலும் ஒன்றை எடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. வெறும் ‘கலை’ என்று போட்டால், பாட்டுச் செயலி ஆயிற்றே, ஏதோ கலைப் பிரிவு என்று அழுத்திப் பார்ப்பார்கள். ‘கலைத்துப்போடு’ என்று முழுதாகவே எழுதுவோம். பொத்தானில் இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

———

நன்றி, எல்லோருக்கும்.

வரியை மாற்றிப் பெரியவரிடம் மறுபடியும் கொடுத்தேன். “சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல” என்ற இடத்தில் தலையாட்டினார். பிறகு, “சீட்டில் என் பெயர் இருக்குமா, எண் இருக்குமா?” என்றார். எண் மட்டும்தான் என்றேன். “அதை எழுதவில்லையே” என்றார். எழுதிவிட்டேன்.

‘கலைத்துப்போடு’ இன்றிரவு செயலியில் ஏறுகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.