வனக் குடியிருப்பு குழு: சட்டியில இருக்கிற கறி என்ன கறி?

முருகேசன் (வனவர்), காலை 7:12
மேடம், காட்டு மிருகக் கறின்னு சந்தேகப்பட்டுச் சோதனை போட்ட வீட்டுல பச்சைக் கறி இல்ல. சட்டியில கொதிச்ச குழம்புதான் இருக்கு. வெள்ளாட்டுக் கறின்னு சாதிக்கிறாங்க. லேப்ல கண்டுபிடிக்க முடியுமா?

செல்வி (லேப்), 7:15
முடியும் அண்ணா. மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குச் சக்தி தர்ற உறுப்பு, அதோட டிஎன்ஏ ஒரே செல்லுல நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல நகல் இருக்கும். கொதிக்கிறப்ப துண்டு துண்டா உடையும், ஆனா அத்தனையும் அழியாது. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குற முறைதான் பிசிஆர். 400 டிஎன்ஏ எழுத்துக்கு மேல நீளமான துண்டு அதுல பெருகலேன்னா 150 எழுத்து அளவுல சின்னத் துண்டா எடுப்போம். சைட்டோக்ரோம் பி, 12எஸ், 16எஸ், மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிற இந்த மூணு மரபணுல ஏதாவது ஒண்ணு படிக்க வந்தாலே கடமானா, புள்ளிமானா, ஆடான்னு தெரிஞ்சிடும்.

செல்வி (லேப்), 7:17
குழம்பை அப்படியே ஊத்தி அனுப்பிடாதீங்க. மசாலாவும் கொழுப்பும் பிசிஆரைத் தடுக்கும். தடிச்ச துண்டா, எலும்போட ஒட்டினதா எடுங்க, உள்பக்கச் சதைதான் வேணும். ஒவ்வொரு துண்டும் தனி டப்பா. சட்டியில ரெண்டு மிருகக் கறி இருந்து, அது ஒரே டப்பாவுல கலந்துட்டா, டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்கிற வரைபடத்துல ஒரே இடத்துல ரெண்டு நிற முகடு ஒண்ணு மேல ஒண்ணா நிக்கும். அதை வச்சு இனம் சொல்றது கஷ்டம்.

டாக்டர் (கால்நடை), 7:20
உடல் பாகத்தைப் பதப்படுத்துற பார்மலின் வேண்டவே வேண்டாம் முருகேசன். போஸ்ட்மார்ட்டம் பழக்கத்துல கை அதுக்குத்தான் போகும். அது டிஎன்ஏவைப் புரதத்தோட பிணைச்சுடும், அப்புறம் பிரிக்கிறது பெரும்பாடு. 95 சதவீத எத்தனால் (ஆல்கஹால்) போதும், கறி ஒரு பங்குக்கு பத்து பங்கு. துண்டு நிலக்கடலை அளவு போதும். பெரிசா போட்டா எத்தனால் நடுவுல இறங்காது, உள்ளேயே அழுகிடும்.

குமார் (வனக்காப்பாளர்), 7:22
எத்தனால் கிடைக்கலேன்னா?

டாக்டர் (கால்நடை), 7:23
ஃப்ரீசர்ல வைங்க தம்பி. உருக விட்டு மறுபடி உறைய வைக்காதீங்க, அதுலதான் கெடும். இல்லேன்னா ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லுல நல்லா உலர்த்துங்க. லேபிளைப் பென்சில்ல எழுதணும். பேனா மை எத்தனால் பட்டா கரைஞ்சு ஓடிடும்.

செல்வி (லேப்), 7:25
துண்டுக்கு ஒரு புது பிளேடு, புது கையுறை. கத்தியில ரத்தம் இருந்தா பஞ்சுக்குச்சில ஒத்தி, நிழல்ல உலர்த்தி, காகித உறையில போடுங்க. பிளாஸ்டிக்ல வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

குமார் (வனக்காப்பாளர்), 7:27
காட்டுப்பன்னின்னா மேடம்?

செல்வி (லேப்), 7:30
அங்கதான் சிக்கல் தம்பி. வீட்டுப்பன்னியும் காட்டுப்பன்னியும் ஒரே இனம். சைட்டோக்ரோம் பி ரெண்டுக்கும் பன்னின்னுதான் சொல்லும். செல்லோட நடுவுல இருக்கிற உட்கருவோட மரபணு பார்க்கணும், மயிர் நிறத்தைத் தீர்மானிக்கிற எம்சி1ஆர் மாதிரி. நாட்டுப்பன்னியோட கலப்பு இருந்தா அதுவும் இழுபறி. அதனால பன்னி கேஸ்ல மயிர், தோல், தலை எது கிடைச்சாலும் விடாதீங்க.

ரேஞ்சர் சார், 7:33
காட்டுல கிடந்த தலையும் வீட்டுக் கறியும் ஒரே மிருகம்னு நிரூபிக்கணுமே செல்வி?

செல்வி (லேப்), 7:36
அதுக்கு இனம் தெரிஞ்சா போதாது சார், தனி மிருகத்தோட அடையாளம் வேணும். மைக்ரோசாட்டலைட்தான் வழி, அதாவது மிருகத்துக்கு மிருகம் நீளம் மாறுற, திரும்பத் திரும்ப வர்ற டிஎன்ஏ துண்டு. ஆனா அது உட்கருல இருக்கு, செல்லுக்கு ரெண்டே நகல். வெந்த கறியில ஒரு நகல் பெருகாம விட்டுப்போனா ஒரே மிருகமே வேற மிருகம் மாதிரி காட்டும். மூணு தடவையாவது திரும்ப ஓட்டிப் பார்க்கணும். கொஞ்சமாவது வேகாத கறி கிடைச்சா அதையே அனுப்புங்க. எந்தக் காட்டுல இருந்து வந்த மிருகம்னு சொல்றது இன்னும் கஷ்டம். ஆப்பிரிக்கத் தந்தம் எந்தப் பகுதியில இருந்து வந்ததுன்னு அமெரிக்க ஆய்வாளர் சாமுவேல் வாசர் குழுவால 2015ல சொல்ல முடிஞ்சதுன்னா, கண்டம் முழுக்க யானைச் சாணம் சேர்த்து ஒப்பிட வரைபடம் வச்சிருந்தாங்க. ஒப்பிட சாம்பிள் இல்லாத காட்டைப் பத்தி டிஎன்ஏ ஒண்ணும் பேசாது.

வக்கீல் சார், 7:40
பறிமுதல் பதிவான மகசர்ல எழுதின எண்ணும் டப்பா எண்ணும் ஒண்ணா இருக்கட்டும். டப்பாவுல வச்ச சீலோட மாதிரி அச்சைத் தனியா வச்சு அனுப்புங்க. கடிதத்துல "மான் கறியா?"ன்னு கேக்காதீங்க, "என்ன இனம்?"னு கேளுங்க. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல கடமான் அட்டவணை ஒண்ணு, புள்ளிமான் அட்டவணை ரெண்டு. சட்டப்பிரிவே மாறும்.

முருகேசன் (வனவர்), 7:44
சரி சார். நாலு துண்டு, நாலு டப்பா, பென்சில் லேபிள். சட்டியைத் திருப்பிக் கேக்குறாங்க மேடம்.

செல்வி (லேப்), 7:45
குடுக்காதீங்க, கழுவவும் விடாதீங்க. அடியில பிடிச்சிருக்கிற எலும்புத் துணுக்கையும் எடுக்கணும்.