மறுமொழி: ஏரி ரோந்து அதிகாரியா, ஏரிக் காவலரா?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க ஏரிகளில் படகில் சென்று சட்டத்தை அமல்படுத்தும் போலீஸ்காரரைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். 'ஏரி ரோந்து அதிகாரி' என்பதையே பெரும்பாலானவர்கள் ஏற்கிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அமெரிக்க ஏரிகளில் இந்த வேலை எப்படி நடக்கிறது, யாருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் முக்கியமான விஷயம் விட்டுப்போகும்.

> ரோந்து எல்லாருக்கும் தெரிந்த சொல். செய்தித்தாளில் தினமும் வருகிறது. அதையே வைத்துக்கொள்வோமே?

தெரிந்த சொல்தான். அதை எடுத்துவிட்டு 'சுற்றுக்காவல்' போட வேண்டும் என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. ஆனால் ரோந்து என்பது இவர்கள் செய்யும் பல வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஒரு படகை நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, குழந்தை போட்டிருப்பது அதன் அளவுக்கு ஏற்றதா, தீயணைப்பானும் விசிலும் இருக்கிறதா, பதிவுச் சீட்டில் உள்ள எண்ணும் படகின் முன்பக்கம் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில் ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினைத் தானே நிறுத்தும் இணைப்பையும் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய சட்டம் வந்துவிட்டது, பல படகுகளில் இது ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கயிறு. ஆக அதையும் பார்க்கிறார்கள். இதற்கு நடுவே விபத்து நடந்தால் விசாரணை, வரைபடம், அறிக்கை. யாராவது மூழ்கிவிட்டால் சோனார் கருவியை வைத்துத் தேடும் வேலையும் பல இடங்களில் இவர்கள் தலையில்தான். இவ்வளவையும் 'ரோந்து' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது.

குடித்துவிட்டுப் படகு ஓட்டுபவர்களைப் பிடிக்கும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், நாம் கலைச்சொல் தேட வேண்டிய இடமும் அதுதான். உயிர்ச்சேதத்தில் முடிகிற படகு விபத்துகளில், காரணம் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டால் முதலிடம் மதுவுக்கே என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். பெரும்பாலான மாநிலங்களில் ரத்தத்தில் மதுவின் வரம்பு சாலைக்கும் தண்ணீருக்கும் ஒன்றுதான், 0.08 சதவீதம். ஆனால் சாலையில் செய்கிற மாதிரி கோட்டின் மேல் நடக்கச் சொல்லியோ ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லியோ படகில் சோதிக்க முடியாது. ஆடுவது ஆளா படகா என்று எப்படிச் சொல்வது? கரைக்குக் கூட்டிப்போனாலும் பல மணி நேரம் தண்ணீரில் இருந்தவருக்குக் கால் உடனே நிலைப்படாது. அதனால் உட்கார்ந்தபடியே செய்யும் சோதனைகளை வகுத்திருக்கிறார்கள். பேனா முனையைத் தலையசைக்காமல் கண்ணால் தொடரச் சொல்வது ஒன்று. விரல் நுனியால் மூக்கின் நுனியைத் தொடச் சொல்வது இன்னொன்று. ஒரு உள்ளங்கையை மேல் நோக்கி வைத்து, மற்றக் கையின் உள்ளங்கையாலும் புறங்கையாலும் மாறி மாறித் தட்டி 'ஒன்று, இரண்டு' என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே எண்ணச் சொல்வார்கள். கை ஒருங்கிணைப்பைப் பார்க்கும் சோதனையும் உண்டு. இந்தத் தொகுப்புக்கு 'அமர்நிலை நிதானச் சோதனை' என்று வைக்கலாம். நிதானம் என்ற சொல் குடி விஷயத்தில் ஏற்கெனவே நம் வாயில் புழங்குவதுதானே, 'நிதானம் இல்லாமல் கிடந்தான்' என்கிறோம்.

சரி, ஆளின் பெயருக்கு வருவோம். என் பரிந்துரை 'ஏரிக் காவலர்'. அதிலும் ஒரு கண்டிப்பு: கைது செய்யும் அதிகாரம் உள்ளவரை மட்டுமே அந்தப் பெயரால் குறிக்க வேண்டும்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்றால், அங்கே ஏரியில் சீருடையோடு படகில் வருகிற எல்லாரும் போலீஸ் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு 400க்கும் மேற்பட்ட ஏரி, ஆற்றுத் திட்டங்களைப் பராமரிக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ரேஞ்சர்கள் (ஏரிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் சீருடை ஊழியர்கள்) விதியை மீறியவருக்கு அபராதச் சீட்டு எழுதலாம், எச்சரிக்கலாம், ஆனால் அவர்களிடம் துப்பாக்கி கிடையாது, கைது செய்யவும் முடியாது. அதற்கு அந்தந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகத்தோடு, அதாவது உள்ளூர் போலீஸோடு, ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். நெவாடா, அரிசோனா எல்லையில் உள்ள மீட் ஏரிக்குப் போனால், தேசியப் பூங்காத் துறையின் சட்ட அமலாக்க ரேஞ்சர் துப்பாக்கியோடு இருப்பார், கைதும் செய்வார். இரண்டு பேரையும் ஆங்கிலத்தில் ரேஞ்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழில் நாம் இரண்டையும் பிரித்துக் காட்ட முடியும் என்றால் ஏன் காட்டக் கூடாது? கைது அதிகாரம் இல்லாத முதல் வகைக்கு 'ஏரிக் காப்பாளர்' என்று வைக்கலாம். வனக்காப்பாளர் என்ற சொல் பழகியிருப்பதால் வாசகருக்கு ஏறக்குறைய சரியான படம் கிடைக்கும். 'கண்காணிப்பாளர்' மட்டும் வேண்டாம், காவல் துறையில் அது பெரிய பதவி.

'அதிகாரி'யையும் நான் தவிர்க்கச் சொல்வது இதே மாதிரிக் காரணத்தால்தான். அங்கே கடைநிலையில் இருக்கும் போலீஸ்காரரையும் ஆபீசர் என்பார்கள். நமக்கு அதிகாரி என்றால் ஜீப்பில் வந்து இறங்கும் மேலிடத்து ஆள்.

> காவலர் என்றால் வாட்ச்மேன் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள். வாட்ச்மேன் காவலாளி, போலீஸ் காவலர். இந்த வேறுபாடு செய்தித் தமிழில் நன்றாகவே நிலைத்துவிட்டது.

> அகநானூற்றிலேயே 'பெருங்குளம் காவலன்' இருக்கிறதே, குளக்காவலர் என்றே வைத்தால் என்ன?

அந்த வரி எனக்கும் மிகவும் பிடித்தது. சிறிய கரையை உடைய பெரிய குளத்தைக் காப்பவனைப் போலத் தாய் தூக்கத்தை மறந்தாள் என்பது 252ஆம் பாட்டு. ஆனால் அவன் விழித்திருந்தது கரை உடையாமல் தண்ணீரைக் காக்க. நாம் பேசும் ஆள் காப்பது தண்ணீர் மேல் இருக்கும் மனிதர்களை, பல நேரம் அவர்களிடமிருந்தே அவர்களை. காவல் என்ற வேர்ச்சொல்லுக்கு அந்த வரியைச் சான்றாக வைத்துக்கொள்வோம். குளம் வேண்டாம், அளவு ரொம்பச் சிறியதாகத் தோன்றும்.

> அங்கே பாதி ஏரிகள் அணை கட்டித் தேக்கியவை. நீர்த்தேக்கக் காவலர் என்பதுதானே சரி?

ஓசார்க்ஸ் ஏரி, மீட் ஏரி, லேனியர் ஏரி எல்லாமே அணையால் உண்டானவைதான். ஆனால் தமிழில் ஏரி என்றாலே பெரும்பாலும் கரை கட்டித் தேக்கியதுதானே. அதனால் இந்தச் சொல் இங்கே இயல்பாகவே பொருந்துகிறது.

இந்த வேலையில் சேர என்ன தகுதி வேண்டும் என்று கேட்டிருந்தவருக்கு: மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரே விதி கிடையாது. பொதுவாக முதலில் முழுப் போலீஸ்காரராக வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், சில துறைகள் கல்லூரிப் படிப்பும் கேட்கும். பல துறைகளில் குறைந்தபட்ச வயது 21. குற்றப் பின்னணி விசாரணை, உடல்தகுதி, மனநலப் பரிசோதனை எல்லாம் தாண்டி, காவல் பயிற்சிக் கழகத்தில் தேறி, மாநில ஆணையத்திடம் சான்று வாங்கி, உறுதிமொழி எடுத்த பிறகுதான் தண்ணீர்ப் பயிற்சி. படகு ஓட்டுவது, இழுத்து வருவது, இரவில் விளக்குகளை வைத்து எதிர்ப்படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணிப்பது, சீருடையோடு நீந்துவது என்று போகும். மிசூரியில் நீர் ரோந்துக்கென்று தனித் துறையே இருந்து, 2011இல் நெடுஞ்சாலை ரோந்துப் படையோடு சேர்ந்துவிட்டது. வேறு பல மாநிலங்களில் வேட்டை, மீன்பிடி விதிகளைப் பார்க்கும் வார்டன்களே படகுச் சட்டத்தையும் பார்க்கிறார்கள், அவர்களுக்கும் முழுப் போலீஸ் அதிகாரம் உண்டு. இப்படித் துறைப் பெயர்கள் கலைந்து கலைந்து வருவதால்தான் துறையை வைத்துப் பெயர் வைக்காமல் அதிகாரத்தை வைத்துப் பெயர் வைப்போம் என்கிறேன்.

'ரோந்து' என்ற சொல்லை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. 'ஏரிக் காவலர் ரோந்து சென்றார்' என்று வினையோடு வரட்டும். துறையின் பெயரிலேயே ரோந்து இருந்தால் 'ஏரி ரோந்துப் பிரிவு' என்று எழுதலாம்.

அப்புறம் ஒன்று. படகு வேகத்தைக் குறைத்து, பின்னால் அலை எழாமல் போக வேண்டிய இடத்துக்கு 'அலையெழுப்பாப் பகுதி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரிதான், ஆனால் பலகையில் எழுதினால் ஓடுகிற படகிலிருந்து படிக்க முடியாது. 'மெல்லோட்டப் பகுதி' எப்படி? ஓட்டுபவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் நேராக இருக்கிறது. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் ஏரிக் காவலர், ஏரிக் காப்பாளர், அமர்நிலை நிதானச் சோதனை ஆகியவற்றோடு இதையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்