தேயிலை எடைக் கணக்குக்கு எந்த ஃப்ரேம்வொர்க்?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஃபேக்டரி ஒன்றுக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதப் போகிறேன். அதை எந்த ஃப்ரேம்வொர்க்கில், அதாவது எந்த அடித்தளக் கருவியில் எழுதலாம் என்று யோசிக்கிறேன். மழைக்காலத்தில் நெட் அடிக்கடி போய்விடும். அதனால் எல்லாமே கணினியிலேயே ஓட வேண்டும். சீட்டு தமிழில் வர வேண்டும், தன் எடையை விவசாயி தானே படித்துப் பார்க்க முடிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அங்கே இருப்பது விண்டோஸ் 7 போட்ட, 4 ஜிபி ரேம் கணினிகள். வலைப்பக்க நுட்பத்தில் மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரான், குரோமியம் பிரவுசரையும் சேர்த்தே சுமந்து வருகிறது. 23ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7-ஐக் கைவிட்டும்விட்டது. க்யூட் (Qt) என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கின் 6ஆம் பதிப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும். க்யூட் 5.15 என்றால் ஓடும், தராசை இணைக்க சீரியல் போர்ட் வசதியும் உண்டு. எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வரும் க்யூட் பகுதிகளை டைனமிக்காக (தனிக் கோப்புகளாக வைத்து) இணைத்தால் நம் நிரலை வெளியிட வேண்டியதில்லை. ஆனால் அது பழைய பதிப்பு, அதை நம்பி இப்போது தொடங்கலாமா?

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 4.8-இல், விண்டோஸுக்கான விண்ஃபார்ம்ஸும் சரிதான். அப்புறம் லினக்ஸுக்கு மாற நினைத்தால் சிக்கல்.

க்யூட் 5.15 வைத்து தெர்மல் பிரிண்டரில் தமிழ் அச்சிட்டவர்கள் இருக்கிறீர்களா? எழுத்தாக அனுப்பினீர்களா, படமாக மாற்றி அனுப்பினீர்களா? தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.