புதுப்பிப்பு: சித்தப்பாவுக்குப் பி.எம். கிசான் வருமா?

கோயில் நிலத்தில் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் சித்தப்பாவுக்கு, விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையான பி.எம். கிசான் பணம் ஏன் வரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். விசாரித்தாச்சு. வராது.

வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. அது பட்டாதாரருக்குத்தான். 2019 பிப்ரவரி 1-க்குள் நிலம் பேரில் இருந்திருக்க வேண்டும். பிறகு வாரிசுரிமையில் வந்திருந்தால் பரவாயில்லை. இ-சேவை மையத்துத் தம்பி சர்வே எண் கேட்டான், சித்தப்பா குத்தகை ரசீதை நீட்டினார். பட்டா சாமி பேரில்! கோயில் மாதிரி நிறுவனத்தின் பேரில் உள்ள நிலத்துக்கும் கிடையாதாம்.

வருமான வரி கட்டுகிறவருக்குக் கிடையாது என்று நான் முன்பு கேட்டபோது ஒருவர் சொன்னது சரி. ஆனால் வருமான வரி கட்டாத வெளியூர்ப் பட்டாதாரர், வயலை மிதிக்காமலே வாங்கலாம். 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் தகுதியில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து பணம் எடுத்ததும் இதே திட்டத்தில்தான். உழுகிறவரை மட்டும் வடிகட்டத் தெரிகிறது.

ஒடிசா அரசின் ‘காலியா’ (KALIA) என்ற விவசாயி உதவித் திட்டத்தில் குத்தகைக்காரரையும் சேர்த்தார்கள். இங்கே இப்போதைக்குப் பயிர்க் காப்பீடுதான் வழி, அதில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பாவுக்குப் பதிய வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவு) கேட்டிருக்கிறோம்.