புதுப்பிப்பு: வேர்டில் தொகைகள் ஒரே நேர்கோட்டில் நிற்காத பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. கல்லடியில் எங்கள் கோயில் உபயகாரர் பட்டியலில் பெயர் இடப்பக்கம், தொகை வலப்பக்கம், நடுவில் புள்ளிக்கோடு வர வேண்டும், ஆனால் தொகைகள் கோணல்மாணலாக நிற்கின்றன என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது அக்கரைப்பற்று அண்ணன் சொன்ன வலப்பக்க டேப்தான் (தொகைகளின் வலது முனையை ஒரே இடத்தில் நிறுத்தும் டேப்). கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ், டேப் குறிகள் தெரியும். அப்படி அழுத்தியதும் குட்டு வெளிப்பட்டது: முந்திய நிர்வாகம் தந்த கோப்பில் ஸ்பேஸும் புள்ளியும் தட்டியே இடைவெளியை நிரப்பியிருக்கிறார்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அது ஓரளவு நேராக நின்றிருக்கும். யூனிகோடுக்கு மாற்றியதும் எழுத்துகளின் அகலம் மாறி, வரிக்கு வரி இழுபட்டுவிட்டது.

அதையெல்லாம் அழித்துவிட்டு, பெயருக்கும் தொகைக்கும் நடுவில் ஒரே ஒரு டேப் மட்டும் வைத்தேன். அப்புறம் முழுப் பட்டியலையும் தெரிவு செய்து (இல்லாவிட்டால் கர்சர் நிற்கும் பத்திக்கு மட்டும்தான் பிடிக்கும்) பக்கத்துக்கு மேலே இருக்கும் ரூலரில், தொகை முடிய வேண்டிய இடத்தில் கிளிக் செய்து ஒரு டேப் குறி வைத்தேன். அந்தக் குறியை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் வலப்பக்கத்தையும் புள்ளிக்கோட்டையும் தெரிவு செய்தால் சரி. 500/= உம் 25,000/= உம் வலது ஓரத்தில் அச்சொட்டாக வந்து நின்றன.

கோடில்லாத அட்டவணை போடச் சொன்ன தங்கச்சியின் யோசனையும் நல்லதுதான், ஆனால் புள்ளிக்கோட்டுக்கு அங்கேயும் டேப் வேண்டும். எதிர்பாராத சிக்கல் அதில்தான்: அட்டவணைக்குள் டேப் விசையைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்துங்கள்.