பெல்ஜியம் பீர் ஆறு வகை: ஓர்வால் கெட்டுப்போனதா, நான் குடித்த முறை தப்பா?

சிப்புட்_செம்பனை:

வணக்கம். நான் சுங்கை சிப்புட்காரன், பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டுக்கு நடுவில் வீடு. இங்கே கோப்பிக்கடையில் கிடைப்பது இரண்டு மூன்று லாகர், ஒரு ஸ்டவுட், அவ்வளவுதான். அதையும் ஐஸ் கட்டி போட்டுத்தான் குடித்துப் பழக்கம். போன வாரம் கோலாலம்பூரிலிருந்து வந்த மச்சான் பெல்ஜியம் பீர் ஆறு வகை, வகைக்கு இரண்டு போத்தலாக, ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். ஹூகார்டன், டூவெல், வெஸ்ட்மாலே ட்ரிப்பெல், ஓர்வால், ஷிமே நீலம், அப்புறம் கூஸ் என்று கார்க் போட்ட போத்தல். கூடவே ஐபிஏ என்று கசப்பு தூக்கலான கிராஃப்ட் பீர் நாலு டின்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வீட்டு வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து வகைக்கு ஒன்றாக உடைத்தோம். ஐஸ் பெட்டியில் முழு நாள் வைத்திருந்தேன், கப்பில் ஐஸும் போட்டோம். முதலில் ஐபிஏ, பிறகு கைக்கு வந்தது எது எதுவோ. உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது, வெறும் கசப்பும் குளிரும். ஓர்வாலில் பழைய தோல் செருப்பும் ஈர வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசம். கூஸ் புளித்த காடி மாதிரி, ஒரு மடக்குக்கு மேல் யாராலும் முடியவில்லை.

இவ்வளவு காசு போட்டு வாங்கி வந்த மனிதருக்கு முன்னால் எனக்கு வருத்தமாகிவிட்டது. இன்னொரு செட் அப்படியே இருக்கிறது. அந்த இரண்டும் வெயிலில் கெட்டுப்போனவையா? மிச்சத்தை எப்படிக் குடித்தால் வித்தியாசம் தெரியும்?

ஈப்போ_ஹாப்ஸ்:

இரண்டுமே கெட்டிருக்காது. ஓர்வாலுக்கு அந்த வாசம்தான் அடையாளம்.

ஓர்வால் மடத்தில் போத்தலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். அது மூடிக்குள்ளேயே மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்து மிச்சச் சர்க்கரையைத் தின்றுவிடும். அதனால்தான் புதுப் போத்தலில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) வாசமும் பழ வாசமும் கசப்பும் தூக்கலாக இருக்கும், நாளாக நாளாக அதெல்லாம் அடங்கி, இனிப்பு வற்றி, நீங்கள் சொன்ன தோல், வைக்கோல் வாசம் மேலே வரும். லேபிளில் அடைத்த தேதி போட்டிருப்பார்கள், பாருங்கள். அதிலிருந்து ஐந்து ஆண்டு அவர்கள் கொடுக்கும் கெடு. ஒரே பெயரில் இரண்டு வேறு பீர் என்றே நான் நினைக்கிறேன், இரண்டும் எனக்குப் பிடிக்கும்.

இப்போது உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். தப்பு பீரில் இல்லை, ஐஸில். மிகவும் குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடும், வாசமும் எழும்பாது. கசப்பு மட்டும் மிஞ்சும். லாகருக்கு அது பரவாயில்லை, அதை அப்படிக் குடிக்கத்தான் செய்திருக்கிறார்கள். பெல்ஜியம் பீரில் பாதிச் சுவை ஈஸ்ட் போட்டது: வாழைப்பழ வாசம், கிராம்பு வாசம் எல்லாம் அதிலிருந்து வருவது, வாழைப்பழமோ கிராம்போ உள்ளே போடுவதில்லை. நாலு டிகிரியில் அது ஒன்றுமே தெரியாது. ஹூகார்டனை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றுங்கள். மற்றவற்றை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், நம் ஊர் வெக்கைக்கு அதுவே போதும். ஷிமே நீலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள், பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வரும்போதுதான் அதில் உலர்ந்த திராட்சை, கருப்பட்டி மாதிரியான சுவை திறக்கும்.

வரிசை முக்கியம். ஐபிஏயை முதலில் குடித்தால் ஹாப்ஸ் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் வருவது எதுவும் எடுபடாது. அதை வேறு நாளுக்கு வையுங்கள். நான் வைக்கும் வரிசை: ஹூகார்டன் (மது 4.9 விழுக்காடு), ஓர்வால் (6.2), டூவெல் (8.5), வெஸ்ட்மாலே (9.5), கடைசியில் ஷிமே நீலம் (9). அளவில் வெஸ்ட்மாலே கூடுதல்தான், ஆனால் ஷிமேயின் கருமையும் கனமும் அதற்குப் பின்னால் வருவதுதான் சரி. கூஸை எல்லாம் முடித்த பிறகு தனியாகக் குடியுங்கள்.

இன்னொன்று. போத்தலின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், நிறுத்தியே வையுங்கள், கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். ஹூகார்டன் மட்டும் மாறு, அது கலங்கலாகத்தான் இருக்க வேண்டும், கடைசிப் பகுதியைச் சுழற்றி ஊற்றுங்கள்.

பழைய_லயம்:

தம்பி, எனக்கு அறுபத்தெட்டு வயது, கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பெல்ஜியம் பீர் மகன் வாங்கித் தந்து நாலைந்து வகைதான் தெரியும். ஆனால் அந்தக் கூஸைப் பற்றிச் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய் வெளியே நிற்பேன். தென்னையிலிருந்து காலையில் இறக்கினது தேன் மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு நுரைத்துச் சுருசுருவென்று ஏறும், மறுநாள் பார்த்தால் காடி. யாரும் அதில் ஈஸ்ட் போடவில்லை. காற்றிலும் பானையிலும் இருப்பதுதான் வேலை செய்கிறது. பிரசல்ஸ் பக்கத்து லாம்பிக் என்ற பீருக்கும் இதே கதைதான் என்று மகன் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. குளிர்மாதங்களில் காய்ச்சின தானியக் கஞ்சித்தண்ணியை அகலமான தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைக்கிறார்கள், காற்றில் இருப்பது இறங்கிப் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் மரப்பீப்பாயில் அடைத்து விட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷத்தது, இரண்டு வருஷத்தது, மூன்று வருஷத்தது எல்லாம் கலந்து போத்தலில் அடைத்தால் அதுதான் கூஸ். நமக்கு மணிக்கணக்கில் முடிவது அங்கே வருஷக்கணக்கில்.

ஆகவே அதைப் பீர் என்று நினைத்து வாயில் வைக்காதே. மத்தியானக் கள் என்று நினைத்துச் சின்னச் சின்ன மடக்காகக் குடித்துப் பார். முதல் மடக்கு முகத்தைச் சுளிக்க வைக்கும், மூன்றாவது மடக்கில் பழக்கமான ஒன்று தெரியும்.

ஒரு வார்த்தை. எங்கள் லயத்தில் குடியால் போன வீடுகளை நான் கண்ணால் பார்த்தவன், கள்ளைவிடச் சம்சுச் சாராயம் செய்த கேடு அதிகம். ஒன்பது விழுக்காடு என்பது ஒரு போத்தலே சாதாரண டின் இரண்டுக்குக் கிட்டே வரும். ஐந்து வகை என்றால் நாலு பேருக்கும் பங்கு போட்டு ஊற்று, மோட்டாரில் வந்தவனை அன்று இரவு வீட்டிலேயே படுக்கச் சொல்.

கெந்த்_மாணவி:

ஐயா சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் ஈப்போ அண்ணே கூஸைக் கடைசிக்குத் தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கெந்த் நகரில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே என்னோடு இருந்தவர்கள் கூஸைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பார்கள், அந்தப் புளிப்பு வாயைக் கழுவிப் பசியைக் கிளப்பும். ஒன்பது விழுக்காடு இனிப்புப் பீர் இரண்டு குடித்த பிறகு கூஸை வாயில் வைத்தால் வெறும் காடியாகத்தான் தெரியும். முதலிலேயே குடியுங்கள், ஆளுக்குக் கால் கிளாஸ். எலுமிச்சை ஊறுகாயை நினைத்தபடி குடித்தால் நம் நாக்குக்கு அது அந்நியமே இல்லை.

சேஸோன் என்ற வகையையும் அடுத்த முறை வாங்கச் சொல்லுங்கள். பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில், எய்னோ பக்கம், குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் பண்ணைக்கு வரும் வேலையாட்களுக்குக் கொடுத்தது அது. டுப்பான் ஆலை தயாரிக்கும் சேஸோன் இன்றைக்கும் கிடைக்கிறது, 6.5 விழுக்காடு, வறட்சியாக, மிளகு காரம் மாதிரி ஒரு ஓரத்தோடு இருக்கும். என் தாத்தா கித்தாத் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். வெயிலில் உழைத்தவர்களுக்காகப் பிறந்த பீர் என்று படித்த அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

ஹூகார்டனில் கொத்தமல்லி விதையும் குராசோ ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். ஹூகார்டன் என்ற அந்த ஊரிலேயே அந்த வகைக் காய்ச்சுதல் 1950-களில் அடியோடு நின்றுபோனது. பியேர் செலிஸ் என்ற பால்காரர், சின்ன வயதில் பக்கத்து ஆலையில் கூடமாட வேலை செய்தவர், 1966-இல் அதைத் திரும்ப எழுப்பினார். அவர் இல்லையென்றால் இன்றைக்கு உலகம் முழுக்க விட்பீர் (கோதுமை வெள்ளைப் பீர்) என்று கிடைப்பதில் பாதி இருந்திருக்காது. வீட்டில் நாலு மல்லி விதையை இடித்துப் பக்கத்தில் வைத்து முகர்ந்துவிட்டுக் குடியுங்கள், உடனே பிடிபடும்.

சாப்பாட்டுக்கு என்று கேட்டால் ஷிமே நீலத்துக்கு மட்டன் பிரட்டல், வேறு யோசனையே வேண்டாம். வெஸ்ட்மாலேக்குப் புந்தோங் கச்சான் பூத்தே (கடலை நொறுக்கு), உறைப்பு இல்லாத வகை. மிகக் காரமான எதையும் வெஸ்ட்மாலேயோடு வைக்காதீர்கள், மது கூடின பீர் காரத்தை இன்னும் எரிய வைக்கும்.

தைப்பிங்_மழை:

எல்லாரும் பெல்ஜியத்தைப் பற்றியே சொல்கிறீர்கள், அந்த ஐபிஏயைக் கவனியுங்கள். டின்னின் அடியில் தேதி என்ன? ஐபிஏயில் ஹாப்ஸ் வாசம்தான் உயிர், அது வெக்கையில் வெகு சீக்கிரம் போய்விடும், பிறகு கசப்பும் ஈர அட்டைப்பெட்டி வாசமும்தான். குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் மூன்று மாதம் கிடந்த டின்னைக் குடித்துவிட்டு எனக்கு ஐபிஏ பிடிக்காது என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. உள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கிற, மதுவும் கூடின பெல்ஜியம் போத்தல்கள் பயணத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். நம் ஸ்டவுட் கூட அப்படிப் பிறந்ததுதான். கின்னஸ்காரர்கள் 1801-இல் செய்முறை குறித்து வைத்த வெஸ்ட் இண்டீஸ் போர்ட்டர் என்ற கருப்புப் பீர், நீண்ட கப்பல் பயணத்துக்காக ஹாப்ஸும் மதுவும் கூட்டிச் செய்தது, அதன் வாரிசுதான் ஃபாரின் எக்ஸ்ட்ரா என்ற கின்னஸ் ஸ்டவுட்.

விலையைப் பற்றியும் சொல்கிறேன். 2016 மார்ச்சில் நம் நாட்டில் பீருக்குக் கலால் வரியை அதிலுள்ள சுத்த மதுவை வைத்துக் கணக்கிடத் தொடங்கினார்கள், அன்று சுத்த மது லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்). அந்த 2016 கணக்கில் 330 மில்லி ஷிமே நீலத்துக்கு வரி மட்டுமே 5 வெள்ளி 20 சென் கிட்டே வந்தது, 320 மில்லி சாதாரண டின்னுக்கு 2 வெள்ளி 80 சென். அதற்கு மேல் கப்பல் கூலி, கடைக்காரர் லாபம். எனவே மச்சான் செய்த செலவு நியாயமான செலவுதான்.

வித்தியாசம் தெரிகிறதா என்று உறுதியாகச் சோதிக்க ஒரு வழி: டூவெலும் வெஸ்ட்மாலேயும் பார்க்க இரண்டும் பொன்னிறம், இரண்டும் வெள்ளை நுரை. மூன்று கிளாஸ் எடுத்து இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றி, எது தனி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஊற்றுகிறவர் மட்டும் குடிக்கக் கூடாது.

சிப்புட்_செம்பனை:

நேற்று இரவு செய்தோம், சொன்ன எல்லாருக்கும் நன்றி. கப்பைத் தூக்கி வைத்துவிட்டு அம்மாவின் கண்ணாடி கிளாஸ்களை எடுத்தோம், ஐஸ் இல்லை. மச்சானும் இருந்தார், மோட்டாரில் வந்த இரண்டு பேரும் இங்கேயே படுத்துவிட்டார்கள்.

கூஸை முதலில் வைத்தேன், கெந்த் தங்கச்சி சொன்ன மாதிரி. ஐயா, மூன்றாவது மடக்கு என்று நீங்கள் சொன்னது சரி, எனக்கு நாலாவதில் வந்தது. ஒரு பச்சை ஆப்பிள் தோல், அப்புறம் பழைய மரப்பெட்டி வாசம். முழுக் கிளாஸ் இன்னமும் முடியாது, ஆனால் இந்த முறை யாரும் கீழே ஊற்றவில்லை. ஹூகார்டனை அம்மா முகர்ந்து மட்டும் பார்த்தார், நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லாமலே மல்லி வாசம் வருகிறதே என்றார்.

மூன்று கிளாஸ் சோதனையில் நாலு பேர் சுவைத்தோம், மச்சான் ஊற்றினார். மூன்று பேர் சரியாகச் சொன்னோம். வெஸ்ட்மாலேயில் தேனும் பழுத்த வாழைப்பழமும் வாயில் தங்குகிறது, டூவெல் சட்டென்று காய்ந்து முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை இரண்டையும் ஒரே பீர் என்று சத்தியம் செய்திருப்பேன். ஷிமே நீலம் முதல் பத்து நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை, பிரட்டல் வந்து சேர்ந்த நேரம் அதுவும் இளகி, கருப்பட்டியும் திராட்சையும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

மிச்சமிருந்த ஐபிஏ டின்னைப் பார்த்தேன், தேதி ஏழு மாதம் பழையது. அதைத் திறக்கவில்லை.

ஓர்வாலையும் திறக்கவில்லை. லேபிளில் பார்த்தால் அடைத்து இரண்டு வருடம் தாண்டியிருக்கிறது, அந்தச் செருப்பு வாசத்துக்குக் காரணம் புரிந்தது. அடுத்த முறை வரும்போது கடையில் கிடைப்பதிலேயே புதிய தேதி போட்ட ஓர்வால் ஒன்று வாங்கிவரச் சொல்லி மச்சானிடம் காசு கொடுத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்ற வேண்டும். அதுவரை இந்தப் போத்தல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத மூலையில், நிறுத்தி வைத்திருக்கிறது. ஈப்போ அண்ணே, வீட்டில் அதைவிடக் குளிர்ந்த இடம் ஐஸ் பெட்டிதான், அதற்குள் மாதக்கணக்கில் வைக்கலாமா?

ஈப்போ_ஹாப்ஸ்:

தாராளமாக வையுங்கள், கீழ்த்தட்டில், நிறுத்தியபடியே. முப்பது டிகிரி சமையலறை மூலையைவிட அது எவ்வளவோ மேல், குளிரில் காட்டு ஈஸ்டின் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். திறக்கிற அன்று ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். புதியது வந்ததும் இரண்டின் தேதியையும் இங்கே எழுதுங்கள்.