புதுப்பிப்பு: சித்தப்பாவின் வயிற்றுவலி வாயு இல்லை

போன வாரம் எழுதியிருந்தேன்: செங்கோட்டையில் சித்தப்பாவுக்கு ஆறு நாளாகத் தீராத வயிற்றுவலி, வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று. ஸ்கேன் எடுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். வயிற்றைத் தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது, வலியோ ஆளைத் துடிக்க வைத்தது. அந்த முரண்தான் டாக்டருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியதாம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் சரியாகத் தெரியவில்லை, குடலில் இருந்த வாயு மறைத்துவிட்டது. (வாயு செய்தது அது மட்டும்தான்!) சாய மருந்து ஏற்றி எடுத்த சி.டி.யில் பிடிபட்டது: குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரையில் ரத்த உறைவு. டாக்டர் மலையாளத்தில் "ரக்தக்கட்ட" (ரத்த உறைவு) என்றதைச் சித்தி 'கட்டி' என்று புரிந்துகொண்டு, புற்றுநோய்தான் என்று அழுதே விட்டார். அவரைத் தேற்றவே அரை மணி நேரம் ஆனது.

குடல் அழுகவில்லை, அதனால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. முதலில் ஹெபாரின் ஊசி, அப்புறம் வார்ஃபரின் மாத்திரை, இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மாத்திரை குறைந்தது 6 மாதம். காரணம் தேட, ரத்தம் உறையத் தூண்டும் ரத்த அணு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஜாக்2 மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரதங்களான புரோட்டீன் சி, எஸ் சோதனை இப்போது வேண்டாமாம். புது உறைவும் வார்ஃபரினும் அந்த அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். ஆனாலும் அதை விடச் சொல்லவில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். சித்தப்பா பழைய பழக்கத்தில் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கேட்கிறார். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து, அதனால் அந்த வலி மாத்திரை டப்பாவை நானே எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த ஐ.என்.ஆர். சோதனை திங்கள்கிழமை.